மலைக்காக விட்ட கறி

கறி இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா என்று டாக்டர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, எதிரில் இருப்பவர் பெரிய சிறுநீரக டாக்டர் என்றும் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் முழங்கையால் ஓர் இடி இடித்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. என்னைத் தெரிந்த யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

நான் கொல்லிமலைக்காரி. குண்டனி நாடு என்கிற மலை ஊர்த்தொகுதியில் பிறந்து அங்கேயே கட்டிக்கொடுத்தார்கள். சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நானும் வீட்டுக்காரர் பெரியசாமியும் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். நாட்டுக்கோழிக் குழம்பும் ஆட்டுக்கறி வறுவலும்தான் கடைக்குப் பேர். அருவி பார்க்க வரும் கார்க்காரர்கள் மேலே ஏறும்போதே சொல்லிவிட்டுப் போவார்கள். மிளகு எங்கள் காட்டு மிளகு. உரலில் நானே இடித்துப் போடுவேன். குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே பாதி வயிறு நிறைந்துவிடும், மீதி வயிற்றுக்குத் தனியாகச் சாப்பிடுவேன். காய்கறி என்பது கறி கிடைக்காத அன்றைக்குச் சாப்பிடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வியாதி வந்தது எனக்குத் தெரியவே இல்லை. முதலில் கால் வீங்கியது. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. அப்புறம் வாயில் எந்நேரமும் இரும்பை நக்கியது போல ஒரு ருசி. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு கார்க்காரர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோன அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. என் கையில் உப்பு தவறியதே கிடையாது.

மலையிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்த நர்ஸம்மா, கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று இன்னொரு தடவை கட்டிப் பார்த்தார். இன்றைக்கே நாமக்கல்லுக்குப் போங்கள் என்றார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் வரும், திங்கட்கிழமை போகிறேன் என்றேன். அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தார். அப்படி ஆள் மாற்றிப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அன்றே இறங்கினோம்.

எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு அது. மலையிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு அந்த ரோடு ஆகாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே பை எங்கே என்று பார்ப்பேன். காரவள்ளி வந்து தரை சமமாகும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன். அதனால் கல்யாணம், சாவு என்று கட்டாயம் இருந்தால் ஒழிய நான் கீழே இறங்கியதே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வியாதியில் பாதி அந்த ரோடுதான்.

நாமக்கல்லில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். கிரியேட்டினின் என்று ஒரு வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். சதை உழைக்க உழைக்க ரத்தத்தில் சேருகிற ஒரு கழிவு அது. சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும். ஒழுங்காக இல்லையென்றால் அது ரத்தத்திலேயே தங்கும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இரண்டும் சுருங்கிப்போய்விட்டன என்றார் டாக்டர். பல வருஷமாகப் பிரஷர் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. சுருங்கியது விரியாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

மிச்சமும் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். டயாலிசிஸ் என்றார். உடம்பிலிருந்து ரத்தத்தைக் குழாய் வழியாக ஒரு மெஷினுக்குக் கொண்டுபோய், கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பாதி நாள், உயிரோடு இருக்கிற வரைக்கும். மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இங்கே, நாமக்கல்லில் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மெஷின் பயம் போய், ரோடு பயம் வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அந்த ரோட்டில் இறங்கி, ஏறி, வாந்தி எடுத்து, மறுநாள் படுத்துக் கிடந்து, மறுபடி இறங்கி. அதற்குக் கீழேயே குடியிருந்துவிடலாம். கீழே குடியிருப்பதற்கு நான் செத்தே போகலாம். இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் டாக்டர் கறியைப் பற்றிப் பேச்செடுத்தார். புரதம் செரித்து மிஞ்சுகிற கழிவுதான் சிறுநீரகத்துக்குப் பெரிய வேலை என்றார். கறி, மீன், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் விட்டு, உப்பையும் குறைத்து, அளவாகப் பருப்பும் சோறும் காயும் என்று மாறினால் வேலை குறையும், டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம். எத்தனை வருஷம் என்று கேட்டேன். முதலில் கறி இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா, அதைச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரர் சிரித்தது இந்த இடத்தில்தான்.

"விட்டுடறேனுங்க," என்றேன். "மலையில இருக்கறதுக்குன்னா மண்ணைக்கூடத் திங்கறேன்."

மண்ணைத் தின்பது சுலபம் என்று அடுத்த அறையில் தெரிந்தது. அங்கே சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற பெண் இருந்தாள். சின்ன வயசுதான், பேச்சில் பொறுமை இருந்தது. கறி வேண்டாம் என்றதோடு முடியவில்லை. காய்கறியிலும் பழத்திலும் பொட்டாசியம் என்று ஓர் உப்பு இருக்கிறதாம். நல்ல உடம்புக்கு அது வேண்டும். சிறுநீரகம் கெட்டால் அதுவும் வெளியே போகாமல் ரத்தத்தில் ஏறும், ஏறினால் இதயத்தை நிறுத்தும். வாழைப்பழம் கூடாது, பலாப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, இளநீர் கூடாது. எந்தக் காயானாலும் பொடியாக நறுக்கி, ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சோளக்காட்டுக் கடைவீதி கண்ணில் வந்தது. அவள் கூடாது என்று சொன்னதைத்தான் நாங்கள் ரோட்டோரம் குவித்து வைத்து விற்கிறோம். அப்படியானால் வீட்டுக்குப் போகும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு போகவா என்று கேட்டேன். அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை, இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள். ஆட்டுக்கால் சூப், கோழி சூப் எதுவும் கூடாது என்று கடைசியில் அழுத்திச் சொன்னாள். வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா இருந்தார். ராசிபுரம் பக்கம் சொந்தமாகத் தோட்டம், கிணறு என்று வசதியான குடும்பம். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று விசாரித்தார். கறியை விடச் சொல்கிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். முழங்கைக்கு மேலே நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்த கை.

"எங்க ஊட்டுக்குள்ள முட்டைகூட வந்ததில்லைங்க," என்றார். "நான் பொறந்ததுல இருந்து சைவம். எனக்கும் இதே வியாதிதான் கண்ணு."

நான் எழுந்து நேரே டாக்டர் அறைக்குள் போனேன். அந்த அம்மாவுக்கே வந்திருக்கும்போது நான் எதற்கு விட வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பழைய ஜீப்பில் சுமையைக் குறைக்கிற மாதிரிதான் இது என்றார். சுமையைக் குறைத்தால் எஞ்சின் புதிதாகிவிடாது, இன்னும் கொஞ்ச தூரம் போகும், அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் நம்பிக்கையாக நாலு வார்த்தை பூசி மெழுகியிருப்பார்கள். அவர் அதைச் செய்யாததால் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது, நம்பிக்கைதான் வரவில்லை.

ஆனாலும் விட்டேன். ஒரே நாளில் விட்டேன். கடையை மூடவும் முடியாது, வேறு பிழைப்பும் இல்லை. அதனால் தினமும் கறி ஆக்கினேன், தின்னவில்லை. வாயில் வைத்துப் பார்க்காமல் குழம்பு வைப்பது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதாக இருந்தது. ருசி பார்க்கும் வேலையை வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். உப்பு இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார். காரம் சரியா என்றால் சரி என்பார். எதைக் கொடுத்தாலும் சரி என்று சொல்லித்தான் இந்த மனிதர் என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அவரும் கறியைத் தொடவில்லை. நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே நிறுத்தினார். எனக்கு எதிரே உட்கார்ந்து, உப்பில்லாத சாமைச் சோற்றையும், தண்ணீர் கொட்டிய சுரைக்காயையும் சாப்பிட்டார். பருப்பிலும் அளவுதான் எனக்கு. மாலையில் தனியாகக் கடைவீதிப் பக்கம் போய்வந்தால் அவர் வாயில் வறுவல் வாசம் வரும். கேட்டால் நம் கடை வாசம் சட்டையில் ஒட்டியது என்பார். நானும் நம்பியது போல இருந்துவிடுவேன். பொய்யென்று தெரிந்தும் அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. மறந்துவிடும், பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாதங்கள் போயும் மறக்கவில்லை. சட்டியில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது அடித்தொண்டை வலிக்கும். கனவில் சாப்பிட்டு, விழித்ததும் பாவம் செய்தவளைப் போல எழுந்து உட்காருவேன். தாவரம் மட்டும் தின்றால் மனசு லேசாகும் என்று கடைக்கு வந்த ஒரு பட்டணத்துப் பெண் சொன்னாள். எனக்குக் கடுகடுப்புதான் கூடியது. இருந்தும் ரத்தப் பரிசோதனை முடிவு மோசமாகாமல் நின்றது. இப்படியே போங்கள் என்றார் டாக்டர். மலை ஏறும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் நோம்பி, கோயில் திருவிழா, வந்தது. எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கிடா வெட்டினால் கறியைக் கூறு போட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். ஏழை, பணக்காரர் என்று வித்தியாசம் கிடையாது. பங்கு வாங்காத வீடு ஊரோடு ஒட்டாத வீடு. சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட நோம்பிப் பங்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் பங்கும் வாழை இலையில் வந்தது. வீட்டுக்காரர் வாங்கி உள்ளே வைத்தார். சமைக்கவும் முடியவில்லை, யாருக்காவது கொடுக்கவும் முடியவில்லை. சாமி பங்கைக் கைமாற்றக் கூடாது. ஊர் முழுக்கக் குழம்பு வாசம். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்து அழுதேன். வியாதி என்று தெரிந்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

நான் அழுததை என் நாத்தனார் வெள்ளையம்மாள் பார்த்துவிட்டாள். வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு காடு தள்ளித்தான் அவள் வீடு. எனக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது எல்லாம் அவள்தான் செய்தாள். மறுநாள் மத்தியானம் மூடி போட்ட ஒரு தூக்குப்போசிப் பாத்திரத்தோடு வந்தாள். திறந்ததும் வந்த வாசத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாறைச் சந்தில் படர்ந்திருக்கும் முடவாட்டுக்கால் கிழங்கின் சாறு அது. எங்கள் மலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், சோளக்காட்டில் விற்பார்கள். மேலெல்லாம் மயிர் மூடி, பார்க்க ஆட்டின் கால் போலவே இருக்கும். மயிரைச் சீவி எடுத்துவிட்டு, இடித்து, மிளகு சீரகம் சின்ன வெங்காயம் போட்டு வெகுநேரம் கொதிக்க வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவர்களுக்கு அது கிழங்கு என்று சொன்னால்தான் தெரியும். மூட்டு வலிக்கு நல்லது என்று நாங்கள் காலம் காலமாகக் குடிப்பதுதான்.

"அண்ணி, இது கறியில்ல, கெழங்குதான்," என்றாள் வெள்ளையம்மாள். "உப்பே போடல. பயப்படாமக் குடிங்க."

குடித்தேன். போசியை வழித்துக் குடித்தேன். ஒரு சொட்டு இறங்கியதும் உடம்பு முழுக்க உயிர் வந்தது போல இருந்தது. ஏன் இது நமக்கு முன்பே தோன்றவில்லை என்று வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று பேரும் பேசிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் விடச் சொன்னது ஆட்டுக்கால் சூப்பை, இது மண்ணில் முளைத்தது. தாவரம்தானே தின்னச் சொன்னார்கள். வெள்ளையம்மாள் தினமும் காலையில் பாறைக்குப் போய்க் கிழங்கு பெயர்த்து வந்தாள். சத்து முழுக்க இறங்க வேண்டும் என்று அடுப்பைத் தணித்து வைத்து, பெரிய பானைத் தண்ணீரைச் சின்னப் போசி அளவுக்குச் சுண்ட வைத்தாள். நான் தினமும் ஒரு போசி குடித்தேன். அந்த நாட்களில் நான் கறியை நினைக்கவே இல்லை. இனி சாகும்வரை இப்படியே இருந்துவிடலாம் என்று முதல் தடவையாக நம்பினேன்.

ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு அடித்து, நின்று, யோசித்து, மறுபடி அடித்தது. வீட்டுக்காரர் என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டார். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளையம்மாளும் வந்தாள். அன்றைக்கு அத்தனை வளைவிலும் எனக்கு வாந்தி வரவில்லை. அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் ஓடினார்கள். பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கப்போகிறது என்று காதில் விழுந்தது. கையில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். கழுத்து நரம்பில் மரத்துப்போக மருந்து கொடுத்து ஒரு தடித்த குழாயைச் செருகினார்கள். வலிக்கவில்லை, ஆனால் அந்த அழுத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் குழாய் வழியாக என் ரத்தம் மெஷினுக்குள் போனது. எதைத் தள்ளிப்போட இத்தனை மாதம் வாயைக் கட்டினேனோ அது நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் டாக்டரும் அந்த ஆலோசனைப் பெண்ணும் கட்டிலருகே வந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார்கள். நான் பேசுவதற்குள் வெள்ளையம்மாள் முன்னால் வந்தாள். அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"கறி ஒரு துண்டுகூடக் குடுக்கலீங்க," என்றாள். "கெழங்குச் சாறுதானுங்க. நல்லாச் சுண்ட வெச்சு, தெனமும் நான்தானுங்க குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். காயையும் கிழங்கையும் வேக வைத்தால் அதிலிருக்கும் பொட்டாசியம் தண்ணீரில் இறங்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டச் சொன்னோம். சாறு என்பது அந்தத் தண்ணீர்தான், சுண்ட வைத்தால் இன்னும் அதிகம். சூப் என்றதும் ஆட்டையும் கோழியையும் மட்டும் சொல்லிவிட்டேன், இப்படி ஒரு கிழங்கு இருப்பது எனக்குத் தெரியாது என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. வெள்ளையம்மாள் எல்லாவற்றையும் நின்று கேட்டாள். பிறகு கையிலிருந்த துண்டை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுவிட்டு வெளியே போனாள். அன்று மாலை பஸ்ஸில் ஏறி மலைக்குப் போய்விட்டாள் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், சாறு மட்டும் காரணமில்லை, உங்கள் சிறுநீரகம் எப்படியும் போகப்போவதுதான், கொஞ்சம் முன்னே பின்னே. ஆறுதலுக்குச் சொல்கிறீர்களா, நிஜமாகவா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். அந்தக் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக இருந்தாலும் அது மலையில் ஒரு மாதம்.

சிறுநீரகம் திரும்பவில்லை. கழுத்துக் குழாயை நெடுநாள் வைத்தால் கிருமி சேரும் என்று இடது கையில் ஆபரேஷன் செய்தார்கள். ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் அந்தச் சிரை தடித்து, தினம் ஊசி குத்தினாலும் தாங்கும். ராசிபுரத்து அம்மாவின் கை இப்போது எனக்கு. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பேர் பதிந்திருக்கிறோம். வீட்டுக்காரருடைய ரத்தம் சேரவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் தருகிறேன் என்று வந்து நின்றான். இரண்டு கைக்குழந்தை வைத்திருப்பவனை நான் ஆஸ்பத்திரிப் படியே ஏறவிடவில்லை. அரசுக் காப்பீடு இருப்பதால் மெஷினுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. மருந்துக்கும் வாடகைக்கும் அந்த வருஷத்து மிளகு போனது. கடையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டோம். கோழிக் குழம்பு முன்னைப்போல இல்லை என்று ஆட்கள் சொல்வதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொல்லியிருப்பார்.

இப்போது நாமக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறோம். தண்ணீரை அளந்து குடிக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மெஷினில் கிடந்து வந்த அன்றைக்கு எழுந்து நடக்க முடியாது. மறுநாள் கொஞ்சம் தெளியும், அதற்கு மறுநாள் மறுபடி மெஷின். மொட்டை மாடிக்குப் போனால் மழை பெய்து வெளுத்த நாளில் மலை தெரியும் என்று கீழ்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நான் ஏறிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மாள் ஒரே ஒரு தடவை வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக மாட்டார்கள். நான்தான் எழுந்துபோய்க் கையைப் பிடித்தேன்.

"நான் குடிச்சதுலயே நல்ல சாறு அதுதான் சாமி," என்றேன். "அந்தப் பத்து நாள்தான் நான் நல்லா இருந்தேன்."

அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டதாகத் தெரியவில்லை. என் இடது கையில் புடைத்திருந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸ் ஆரம்பித்துச் சில வாரம் ஆனதும் அந்த ஆலோசனைப் பெண் எங்களைக் கூப்பிட்டாள். முடிவுகளைப் பார்த்துவிட்டு, உடம்பில் புரதம் மிகவும் குறைந்துவிட்டது என்றாள். மெஷின் ரத்தத்தைக் கழுவும்போது கழிவோடு சேர்த்துச் சத்தையும் கொண்டுபோய்விடுகிறதாம். மிச்சமிருக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் கட்டம் முடிந்துவிட்டது, இனிமேல் நிறையப் புரதம் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு, கோழி, மீன் எல்லாம் தினமும் சாப்பிடுங்கள் என்றாள். இதைச் சொன்னால் நான் குதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல, முகத்தில் ஒரு சிரிப்போடு சொன்னாள். வீட்டுக்காரருக்கும் வாயெல்லாம் பல். திரும்பி வரும் வழியிலேயே அரைக் கிலோ கோழி வாங்கிவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அடுப்புப் பக்கம் வராத மனிதர், தானே மிளகு இடித்து வறுத்தார். வாசம் வந்தது. நான் எழுந்து வெளியே ஓடினேன்.

எப்போது அது என்னை விட்டுப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. வியாதியால் அப்படி ஆகும் என்கிறார் டாக்டர், ரத்தத்தில் கழிவு சேர்ந்தால் கறி வாசம் குமட்டும். இருக்கலாம். ஆனால் சுரைக்காய் குமட்டவில்லை, சாமைச் சோறு குமட்டவில்லை. கறி சட்டியில் விழுந்தால் மட்டும் எனக்குப் பிணவாடை அடிக்கிறது. மீனும் அப்படியே. என்னால் சைவமாக மாற முடியுமா என்று எத்தனை பேர் பந்தயம் கட்டினார்கள். மாறிவிட்டேன். மலைக்காக மாறினேன். மலை போன பிறகும் மாற்றம் மட்டும் என்னோடு கீழே இறங்கி வந்துவிட்டது.

சாப்பிடாவிட்டால் கால் வீக்கம் வற்றாது, புண் ஆறாது, மெஷினைத் தாங்க உடம்பில் ஒன்றும் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் தினமும் வீட்டுக்காரர் முட்டை வேக வைக்கிறார். மஞ்சளை எடுத்துத் தான் சாப்பிட்டுவிட்டு, வெள்ளையைப் பொடியாக நறுக்கிச் சோற்றுக்குள் மறைத்துப் பிசைந்து கொண்டுவருகிறார். நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று அவருக்கு நினைப்பு. இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு வாய் விழுங்கினேன். ஐந்தாவது வாயில் எல்லாமே வெளியே வந்துவிட்டது.

"பரவால்ல கண்ணு," என்றார்.

தரையைத் துடைத்தார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, இன்னொரு முட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.